தாடைக் கட்டி அறுவைக்குப் பிறகு தந்த குறிப்புச் சீட்டு, தராத பயாப்ஸி அறிக்கை – புகார்

அனுப்புநர்: நோயாளியின் குடும்பத்தார், மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், நோயாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்கள் மருத்துவமனையின் நாகர்கோவில் கிளையில் எங்கள் அம்மாவுக்குக் கீழ்த்தாடைக் கட்டி சுரண்டி எடுக்கப்பட்டது. ஒப்புதல் படிவத்தில் 'அமிலோபிளாஸ்டோமா' (பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து தாடை எலும்பில் வளரும் கட்டி) என்று உள்ளது. டிஸ்சார்ஜ் சீட்டிலோ, "ஒரு நாள் மென்மையான உணவு, குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, 7ஆம் நாள் தையல் பிரிப்பு, பிறகு வரத் தேவையில்லை" என்று அச்சடித்திருக்கிறது.

கன்னத்தின் உட்புறத்தில் பல் உரசி வரும் ஃபைப்ரோமா என்ற சாதாரணத் தசைத்திரளுக்கு இது போதும். உரசும் பல்லையோ தளர்ந்த பல்செட்டையோ சரிசெய்துவிட்டால் அது பெரும்பாலும் திரும்பாது. அமிலோபிளாஸ்டோமா அப்படியல்ல. புற்றுநோய் இல்லைதான், ஆனால் எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டி எலும்பின் உள்கண்ணறைகளுக்குள் ஊடுருவும். சுரண்டும்போது அங்கே மிஞ்சும் செல்கள்தான் மறுபடி வளர்கின்றன. எலும்போடு வெட்டி எடுப்பதைவிடச் சுரண்டும் முறையில் அது திரும்புவது மிக அதிகம். அப்படித் திரும்புபவற்றில் பாதிக்கு மேல் முதல் 5 ஆண்டுக்குள் வரும், 10 ஆண்டு கழித்தும் வருவதுண்டு. அதனால் முதல் 5 ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் ஓபிஜி எக்ஸ்ரே (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுவது) எடுத்துப் பார்ப்பது வழக்கம். "வரத் தேவையில்லை" என்று எழுதியது யார்?

உணவுக் குறிப்பும் ஆபத்தானது. உள்ளே குடைந்த தாடை சில வாரங்களுக்கு வலுவிழந்தே இருக்கும். மறுநாளே வறுத்த நெத்தோலியைக் கடித்தால் எலும்பு முறியலாம். கஞ்சி, இட்லி, நன்றாக மசித்த மரச்சீனி என்று எத்தனை வாரம் என்பதை மருத்துவர் எழுதித் தந்திருக்க வேண்டும். கீழுதடு மரத்தல், பல் ஆடுதல், கடி மாறுதல், மறுவீக்கம் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. (குளோர்ஹெக்சிடினுக்கும் கால வரம்பில்லை, வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் கறை படியும், நாக்கில் ருசி மாறும்.)

இதைவிடப் பெரிய குறை, எடுத்த திசுவின் பயாப்ஸி அறிக்கை. பில்லில் கட்டணம் இருக்கிறது, அறிக்கை இல்லை. "சாதாரண கட்டி, பயமில்லை" என்று போனில் சொன்னார்கள். ஒற்றை நீர்ப்பை வகையா, பல அறை வகையா, நீர்ப்பைச் சுவருக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பது தெரியாமல், இன்னொரு அறுவை வேண்டுமா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

எனவே பயாப்ஸி அறிக்கை, ஸ்லைடு, திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டை, அறுவைக் குறிப்பு, முன்பின் எக்ஸ்ரே படங்கள் எல்லாம் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. கட்டியின் பெயர் குறிப்பிட்ட, மருத்துவர் கையெழுத்திட்ட புதிய கண்காணிப்பு அட்டவணையும் தாருங்கள். தவறினால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இணைப்பு: டிஸ்சார்ஜ் சீட்டு, ஒப்புதல் படிவம், பில் நகல்கள்.