துப்பாக்கிக்கு முன் தோட்டாவின் கணக்கு

திருவையாறு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ கைத்துப்பாக்கி வாங்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்ன இரவு, உன் அப்பா கோபித்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் காக்கி உடுத்தி, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவள், வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. இரவுப் பணி முடிந்து தனியாகக் கார் ஓட்டி வீடு திரும்பும் செவிலி நீ. ஹூஸ்டன் புறநகரில் உனக்கு இருக்கும் அச்சத்தைக் காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு நான் அளக்க முடியாது. வாங்குவதா வேண்டாமா என்பதை நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள். வாங்குவதானால் எதை வாங்குவது, அதற்குத் தோட்டா எப்படிக் கட்டுப்படியாகும் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். மூன்றையும் கைப்பைக்குள் அடங்குமா என்று பார்த்துத்தான் எடுத்து வைத்திருக்கிறாய். அடங்க வேண்டியது பைக்குள் அன்று, உன் கைக்குள். சிறிய துப்பாக்கி பெண்களுக்கு எளிது என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே வகைத் தோட்டாவைச் சுடும்போது கனமான துப்பாக்கி உதையில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும், எடை குறைந்தது அதை அப்படியே மணிக்கட்டுக்குத் தள்ளிவிடும். பயிற்சிக் காலத்தில் .303 ரைஃபிள் என் தோள்பட்டையைக் கன்றிப்போகச் செய்தது உண்மைதான், ஆனால் மறுநாளும் அதே தோளில் வைத்துச் சுட முடிந்தது. உள்ளங்கையில் மறைந்துவிடும் துப்பாக்கியால் இருபது முறை சுட்ட பிறகு கை தானாகவே அடுத்த உதையை எதிர்பார்த்துக் கூசத் தொடங்கும். குறி தவறுவது அந்தக் கூச்சத்தில்தான்.

உன் முதல் படத்தில் இருக்கும் ரூகர் எல்சிபி 270 கிராம் அளவுதான் இருக்கும். .380 தோட்டாவைச் சுடும் அந்தத் துப்பாக்கி 2008 இல் வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் மாதந்தோறும் நூறு முறை சுட்டுப் பழகும் பொருள் அன்று. இரண்டாவது, .38 ஸ்பெஷல் என்னும் தோட்டா ஐந்து கொள்ளும் குட்டை ரிவால்வர். ரிவால்வரின் மேல் எனக்குப் பாசம் உண்டு, என் பணிக்காலத்தில் பெரும்பாலும் இடுப்பில் இருந்தது அதுதான். ஆனாலும் குட்டை ரிவால்வரின் விசையை முழுதாக இழுக்க விரலுக்கு நல்ல வலு வேண்டும், பிடியும் சிறியது. மூன்றாவதாக நீ அரைமனத்தோடு அனுப்பியிருக்கும் சிக் பி365 தான் யோசிக்கத்தக்கது. 2018 இல் வந்தது, எடை 500 கிராம் அளவு, தோட்டா அடைக்கும் மேகசினில் 10 தோட்டா, தோட்டா 9 மில்லிமீட்டர் வகை. அதற்கும் சற்றுப் பெரியதாக, 600 கிராம் அளவில் கிளாக் 19 இருக்கிறது. 1988 முதல் வரும் அதில் மேகசினில் 15 தோட்டா. துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க உன் கைக்கு வலுவில்லை என்று தெரிந்தால், ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 2020 இல் 9 மில்லிமீட்டரில் கொண்டுவந்த ஷீல்ட் ஈஸி என்பதையும் கையில் எடுத்துப் பார். இழுக்க எளிதாக இருக்க வேண்டும் என்றே செய்தது அது. உங்கள் ஊரில் சுட்டுப் பழகும் இடங்களான ரேஞ்சுகளில் துப்பாக்கியை வாடகைக்குத் தருவார்கள். வாங்கும் முன் ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுட்டுவிடு. ஐம்பதாவது தோட்டாவையும் முதல் தோட்டாவைப் போலவே நிதானமாகச் சுட முடிகிறதா என்று பார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. துப்பாக்கியின் விலை ஒருமுறை போகும், தோட்டாவின் விலை நீ அதை வைத்திருக்கும் வரை போய்க்கொண்டே இருக்கும். நீ எழுதி அனுப்பிய விலைகளை வைத்து, பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். மாதம் நூறு என்றால் ஆண்டுக்கு 1,200 தோட்டா. 9 மில்லிமீட்டர் ஒன்று 25 சென்ட் வீதம் 300 டாலர். .380 ஒன்று 38 சென்ட் வீதம் 456 டாலர். .38 ஸ்பெஷல் 45 சென்ட் வீதம் 540 டாலர். அளவில் சிறிய .380 ஏன் விலை கூட என்று கேட்டிருந்தாய். 9 மில்லிமீட்டரை நேட்டோ நாடுகளின் படைகளும் உலகெங்கும் உள்ள காவல்துறைகளும் பயன்படுத்துகின்றன. ஆலைகள் அதை ஓயாமல் வார்த்துக்கொண்டிருப்பதால் விலை இறங்குகிறது. மற்றதை அவ்வளவு பேர் வாங்குவதில்லை. ஆக, உதை அதிகம், செலவும் அதிகம் என்ற இரண்டு காரணங்களால் எல்சிபி வேண்டாம் என்பது என் முடிவு.

தோட்டா வாங்கும்போது பெட்டியின் விலையைப் பார்க்காதே. அனுப்பும் கூலியையும் சேர்த்து ஒரு தோட்டா என்ன விழுகிறது என்று பார். பயிற்சிக்கு ஈயக் குண்டை முழுதும் உலோகம் போர்த்திய சாதாரணத் தோட்டா போதும். தற்காப்புக்கு என்று விற்கும் குழிமுனைத் தோட்டா பல மடங்கு விலை, அதில் இரண்டு பெட்டி போதும். ஆனால் ஒரு பெட்டியையாவது உன் துப்பாக்கியிலேயே சுட்டு, சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே அதை நம்ப வேண்டும். இரும்புக் கூடு போட்ட தோட்டா மலிவு, ஆயினும் சில ரேஞ்சுகள் அதை உள்ளே விடுவதில்லை. ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை 2021 இல் அமெரிக்க அரசு நிறுத்திவிட்டதால் அந்த மலிவும் முன்போல் இல்லை. யாரோ வீட்டில் மறுபடி வெடிமருந்து அடைத்துப் பையில் போட்டு விற்கும் தோட்டாவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே, மருந்து அளவு தவறினால் வெடிப்பது உன் கைக்குள். 2020 இல் பெருந்தொற்று வந்தபோது அங்கே கடைகளில் தோட்டாவே கிடைக்காமல் போனதை நீயே சொல்லியிருக்கிறாய். ஆகவே அமைதியான காலத்தில் ஆயிரமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

காசே செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவரில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து விசையை இழுப்பது. எங்களுக்கு ரைஃபிளின் முன்குறிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுவார்கள், விசையை இழுக்கும்போது அது விழக் கூடாது. எனக்கு நாணயம் விழாமல் நிற்க மூன்று வாரம் ஆனது. ஆனால் காலி செய்வது என்றால் என்ன என்பதை மனத்தில் பதித்துக்கொள். மேகசினைக் கழற்றினாலும் குழாயின் பின்முனையில் தோட்டா அமரும் சேம்பரில் ஒரு தோட்டா இருக்கலாம். அதை மறந்த ஒரு காவலரின் பிஸ்டல் எங்கள் ஆயுத அறையில் வெடித்து, கதவை ஒட்டி வைத்திருந்த மணல் மூட்டைக்குள் குண்டு புகுந்ததை நான் நேரில் பார்த்தேன். அந்த மூட்டை அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஸ்லைடை இழுத்து, கண்ணாலும் பார், சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்.

ஒரே எண் என்பதால் ஒரே தோட்டா என்று எண்ணிவிடாதே. .38 ஸ்பெஷல் வேறு, .380 வேறு, அதே .380 ஐச் சில பெட்டிகளில் 9 மில்லிமீட்டர் குர்ட்ஸ் என்றும் போட்டிருப்பார்கள், அது நான் மேலே சொன்ன 9 மில்லிமீட்டர் அன்று, அதன் முழுப்பெயர் 9 மில்லிமீட்டர் லூகர். தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் குழாயின் மேல் பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று படித்துவிட்டுப் போடு.

உங்கள் ஊரும் நம் ஊர் போல ஈரக்காற்று உள்ள ஊர். தேர்தல் அறிவித்தால் இங்கே உரிமம் பெற்ற துப்பாக்கிகளை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒரு தேர்தலின்போது, கொள்ளிடக் கரை கிராமத்துப் பெரியவர் ஒருவர் ஒற்றைக் குழல் துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்தார். கூடவே தகர டப்பாவில் ஆறு தோட்டா. ஐப்பசி அடைமழை எத்தனையோ பார்த்த தோட்டாக்கள். புளி காணாத பித்தளைக் குடம் போல அடிப்பகுதி முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாது, விலையும் கட்டுப்படியாகாது என்பதால் ஆண்டுக்கணக்கில் அவற்றைச் சுடாமல் வைத்திருந்தார். அவற்றைப் பதிவேட்டில் எழுதும்போது, சமயத்தில் இவை வெடிக்குமா என்றுதான் நினைத்தேன். ரப்பர் விளிம்பு வைத்த இரும்புப் பெட்டி அங்கே எளிதாகக் கிடைக்கும். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டுத் தோட்டாவை அதில் வை. பழையதை முதலில் சுடு.

சட்டத்தில் ஒன்றைக் கவனி. பச்சை அட்டை வந்த பிறகு வாங்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் உங்கள் வீட்டு மாடியில் தங்கிப் படிக்கும் உன் கொழுந்தன் மாணவர் விசாவில் இருக்கிறார். வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல், அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அங்கே மத்திய அரசுக் குற்றம். விளையாட்டாகக்கூட அவர் கையில் கொடுக்காதே, பெட்டகத்தின் எண்ணையும் சொல்லாதே. பேரனுக்கு நான்கு வயது, எட்டாத உயரம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது. பிள்ளை கைக்கு எட்டும்படி வைப்பதும் டெக்சாஸில் குற்றம். மருத்துவமனைக்குள் கொண்டுபோக முடியாது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் பன்னிரண்டு மணி நேரம் அது காரில் கிடக்குமா? காரின் சட்டத்தோடு கம்பியால் பிணைக்கும் சிறு பெட்டகம் இல்லாமல் ஒரு நாளும் விட்டுப் போகாதே. நீ திரும்பி வரும் வழிக்கு என்று வாங்கியது, அந்த நேரத்தில் திருடன் கையில் இருக்கும்.

எங்கள் ஆண்டுப் பயிற்சியில் ஐம்பது தோட்டா வாங்கினால் ஐம்பது காலிக் கூடு திரும்ப வேண்டும். ஒருமுறை நாற்பத்தொன்பதுதான் கிடைத்தது. கோரைப் புல்லுக்குள் விளக்கு வைக்கும் நேரம் வரை நாலு பெண் காவலர்கள் குனிந்து தேடி, கடைசியில் அது என் பூட்ஸின் மடிப்பிலிருந்து விழுந்தது. அதை ஏன் சொல்கிறேன் என்றால், பொங்கலுக்கு வரும்போது நீ எப்போதும் தோளில் மாட்டிவரும் நீலப் பையை ரேஞ்சுக்குக் கொண்டுபோகாதே. தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தாலும் திருச்சி விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி வழக்காகிவிடும். பயிற்சிக்கு வேறு பை வாங்கிக்கொள். கிளம்பும் முதல் நாள், பெட்டியையும் கோட்டுப் பையையும் பேரனின் பையையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிட்டு, எனக்கு ஒரு போன் செய்.

அன்புடன்,
அம்மா