நிருபருக்கும் வேண்டும் ஆய்வு விடுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆசிய நாடுகளின் செய்தியாளர்கள் சில மாதம் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஃபெலோஷிப் (உதவித்தொகையோடு கூடிய ஆய்வு வாய்ப்பு) பெற்று ஒரே விஷயத்தை ஆழமாக ஆராய்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஒரு வரி விடாமல் படித்தேன். சிங்கப்பூர், ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு என்று போய்வந்தவர்களின் அனுபவம் அதில் நன்றாக வந்திருக்கிறது. போக முடியாதவர்களைப் பற்றியும், போய்வந்தவர்கள் எழுதியது யாரிடம் போய்ச் சேருகிறது என்பது பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருடம் களத்தில் இருந்த நிருபருக்குத்தான் இந்த இடைவெளி மிகவும் தேவை. புதிதாகச் சேர்ந்தவருக்கு எதைப் பார்த்தாலும் செய்தி. பழகியவர் ஒரே மாதிரிச் செய்தியைத் திரும்பத் திரும்ப எழுதியிருப்பார். இது ஏன் ஓயவே மாட்டேன் என்கிறது என்ற கேள்வி அவர் மனசில் உட்கார்ந்திருக்கும். ஒரு மாவட்ட நிருபரின் திங்கட்கிழமையைப் பாருங்கள். காலையில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். பட்டா கேட்டு ஒரு பாட்டி, பாதையை மறித்துவிட்டார்கள் என்று ஒரு ஊரே திரண்டு, மண்ணெண்ணெய் கேனோடு வந்து வாசலில் போலீஸ் பிடித்து நிறுத்திய ஒருவர். எல்லாவற்றையும் படத்தோடு மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அந்த மனுக்கள் என்ன ஆயின என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதற்குள் அடுத்த திங்கள் வந்துவிடும்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீயில் கருகிப்போனார்கள். நாடே பேசியது. அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு மாவட்டத்தில் எத்தனை புகார் வந்தது, எத்தனை வழக்கானது, எத்தனை தண்டனையில் முடிந்தது, புகார் கொடுத்தவர் அப்புறமும் அதே தெருவில் குடியிருக்க முடிந்ததா என்று காவல் நிலையம் காவல் நிலையமாக, வீடு வீடாகப் போய்க் கேட்க மூன்று மாதமாவது வேண்டும். அன்றாடச் செய்திக்கு நடுவே இதையும் பார் என்று ஒரு நிருபரிடம் சொல்வது நியாயமில்லை.

அப்படியொரு மூன்று மாதத்தைக் கொடுக்கத்தான் 2009-ல் சிங்கப்பூரில் ஆசிய இதழியல் ஃபெலோஷிப் தொடங்கியது. தெமாசெக் அறநிறுவனம் பணம் தந்தது, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இடம் தந்தது. பிற்பாடு கொள்கை ஆய்வுக் கழகம் பொறுப்பேற்றது. பல நாட்டுச் செய்தியாளர்கள் ஒன்றாகத் தங்கி, ஆளுக்கொரு ஆய்வைச் செய்வார்கள். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, வகுப்பறைப் பாடத்தைவிட அந்தக் கூட்டு வாழ்க்கைதான். 2013 டிசம்பரில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழகத் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்த ஊர் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. இறந்தவர் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். அவரைப் போன்றவர்கள் ஏஜெண்டுக்குக் கட்டும் பணம் இங்கே கடனாகிறது, வேலையும் தங்கும் விடுதியும் அங்கே இருக்கின்றன, பக்கத்துக் கட்டிலில் வங்கதேசத்து இளைஞர் அதே கடனோடு படுத்திருக்கிறார். சென்னையிலோ டாக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு தனியாக ஒருவர் எழுதி முடிக்கக்கூடிய விஷயமா இது? மூன்று ஊர் நிருபர்களும் ஒரே மேஜையில் மூன்று மாதம் உட்கார்ந்தால் எழுத முடியும்.

யார் பணம் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். தெமாசெக் என்பது சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனம். அந்த நாட்டில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளிதழ்கள் வருடா வருடம் உரிமம் புதுப்பித்தாக வேண்டும். இந்த ஃபெலோஷிப்பைத் தொடங்கி நடத்திய பேராசிரியர் செரியன் ஜார்ஜ், தன் நாட்டு ஊடகக் கட்டுப்பாடுகளைப் பற்றி வெளிப்படையாக எழுதியவர். 2013-ல் அவருக்கு அதே பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது, அவர் ஹாங்காங் போனார். இதைச் சொல்வதால் ஃபெலோஷிப் வேண்டாம் என்று அர்த்தமில்லை. சாப்பாடு போடுகிற ஊரைப் பற்றியும் தயங்காமல் கேள்வி கேட்கிறவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இந்த மாதிரி வாய்ப்புப் பெற்றவர்கள் திரும்பி வந்து என்ன செய்தார்கள் என்பதற்குப் பாகிஸ்தான் செய்தியாளர் உமர் சீமாவைச் சொல்லலாம். கராச்சியில் 2002-ல் கடத்திக் கொல்லப்பட்ட அமெரிக்க நிருபர் டேனியல் பேர்லின் பெயரிலான ஃபெலோஷிப்பில் 2008-ல் நியூயார்க் டைம்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். 2010 செப்டம்பரில் இஸ்லாமாபாத்தில் அவரைக் கடத்தி, அடித்து, தலையை மழித்துவிட்டு வீசிவிட்டுப் போனார்கள். ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 2012 டிசம்பரில், நாடாளுமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லை என்பதை ஆவணத்தோடு வெளியிட்டார். 2014-ல் அந்த நாட்டு அரசே உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கட்டிய வரியைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. நம் பக்கம் அப்படியொரு பட்டியல் வந்ததாக நான் பார்க்கவில்லை.

திரும்ப முடியாதவர்களும் உண்டு. வீரகேசரி நாளிதழில் தொடங்கிய இலங்கைத் தமிழ்ச் செய்தியாளர் டி.பி.எஸ். ஜெயராஜ் 1988-ல், செய்தியாளர்களுக்கான நீமன் ஃபெலோஷிப்பில் ஹார்வர்டு போனார். அப்புறம் கனடா போய் அங்கேயே தங்கிவிட்டார். அங்கே தமிழில் வார இதழ் நடத்தியதற்கு 1993-ல் அடி உதையும் வாங்கினார். போர் நடக்கிற நாட்டு நிருபருக்கு ஃபெலோஷிப் என்பது சில சமயம் படிப்புக்கு முன்னால் உயிர்.

வெளிநாடு போனால்தான் ஆய்வு என்றும் இல்லை. பி. சாய்நாத் 1993-ல், பிளிட்ஸ் வார இதழின் துணை ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, டைம்ஸ் ஆஃப் இந்தியா தந்த ஃபெலோஷிப்பில் நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களுக்குப் போனார். ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதை அவர் எழுதினார். குடுமியான்மலை கல்குவாரியில் முதுகு உடைந்துபோகிற அளவுக்கு வேலை செய்த பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினார்கள். முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். மாதக் கணக்கில் ஊரோடு இருந்தவர் கண்ணில்தான் அந்தப் பார் படும். ஆனால் அந்தப் பெண்கள் அறிவொளியில் எழுத்துக்கூட்டிப் படித்தது தமிழ். அவர்களைப் பற்றிய கட்டுரை முதலில் அச்சானது ஆங்கிலத்தில்.

என் ஆதங்கம் இதுதான். ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் வர வேண்டும் என்பது இந்த ஃபெலோஷிப்களில் அநேகமாக முதல் நிபந்தனை. கெமர், பர்மியம், நேபாளி, சிங்களம், தமிழ் என்று சொந்த மொழியில் எழுதுகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் பதிப்பில் கடலோர ஊர்களைப் பார்த்துக்கொண்ட நிருபர் ஒருவர் இருந்தார். மீனவர்கள் அவரை வீட்டுப் பிள்ளையாக நடத்துவார்கள். வெளிநாட்டு ஃபெலோஷிப் ஒன்றுக்கு அவர் விண்ணப்பம் தயார் செய்தார். ஆய்வுத் திட்டம், இரண்டு பரிந்துரைக் கடிதம், வெளிவந்த கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு, விடுப்பு தருவதாக நிறுவனத்தின் கடிதம் எல்லாம் கேட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பை அவர் மகளின் பள்ளி ஆசிரியை ஒரு பைசா வாங்காமல் செய்து கொடுத்தார். கடிதம்தான் கிடைக்கவில்லை. “மூணு மாசம் நீ இல்லாமலே எடிஷன் ஓடும்னா, அப்புறம் நீ எதுக்கு?” என்று கேட்டார்கள். அவர் அந்த ஃபைலை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு அன்றைய செய்தியை அடிக்க உட்கார்ந்தார்.

அவருக்காவது மாதச் சம்பளம் இருந்தது. தாலுகா அளவில் ஓடுகிற பகுதிநேர நிருபர்களுக்கு, வந்த செய்தியின் நீளத்தைப் பார்த்துத்தான் பணம். நியமனக் கடிதமே இல்லாதவருக்கு விடுப்புக் கடிதம் யார் கொடுப்பது?

ஆய்வை அவரவர் மொழியில் எழுதலாம், ஆங்கிலத்தில் சுருக்கம் தந்தால் போதும் என்று இந்த அமைப்புகள் விதியை மாற்றலாம். சிங்கப்பூருக்கு இது கஷ்டமே இல்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழி. 1935 முதல் தமிழ் முரசு வருகிற ஊர். தமிழில் படித்து மதிப்பிட அங்கே ஆளா இல்லை? ஆக்ஸ்ஃபோர்டில் ராய்ட்டர்ஸ் ஆய்வு நிலையம் தன் ஃபெலோக்களின் ஆய்வறிக்கைகளை யாரும் படிக்கும்படி வெளியிடுகிறது. அது நல்ல வழக்கம். அதோடு, அந்த ஆய்வு எந்த ஊர் மக்களைப் பற்றியதோ அவர்களுடைய மொழியிலும் வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் இன்னும் நல்லது.

தங்களிடமும் ஒரு கோரிக்கை. ஃபெலோஷிப் முடித்து வந்த செய்தியாளர்களைத் தங்கள் ஆய்வைத் தமிழில், நம் வாசகருக்குப் புரியும்படி எழுதச் சொல்லித் தொடராக வெளியிடுங்கள். அடுத்தபடியாக, வருடத்துக்கு ஒரு மாவட்ட நிருபருக்கு மூன்று மாதச் சம்பளமும் பயணச் செலவும் கொடுத்து, அவர் கேட்கும் ஒரே கேள்வியின் பின்னால் அனுப்புங்கள். பகுதிநேர நிருபர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணத்துக்கு வாசகர்களிடம் கேளுங்கள். நான் என் பங்கைத் தருகிறேன். வரும் கட்டுரைகளை எடிட் செய்ய ஆள் வேண்டுமென்றால், கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கும் தயார். கந்துவட்டிச் சட்டத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் விருப்பம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாளிதழ் துணை ஆசிரியர்,
திருநெல்வேலி