நிலையத்துக்குப் போகும் வழியையும் சேர்த்துக் கட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் முத்தியாரா எல்.ஆர்.டி. என்னும் இலகு ரயில் பாதைக்கான பணிகள் 2025 ஜனவரியில் தொடங்கியதிலிருந்து, அதன் செலவைப் பற்றியும் நிலையங்களின் எண்ணிக்கையைப் பற்றியும் நாளிதழ்களில் நிறையப் படித்துவிட்டேன். ஆனால் அந்த ரயிலில் ஏறப்போகிறவர் தம் வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரை எப்படிப் போய்ச் சேருவார் என்பதைப் பற்றி என் கண்ணில் பட்ட செய்திகள் மிகக் குறைவு. எழுபத்தைந்து வயதான, சொந்த வாகனம் இல்லாத ஒரு பயணி என்ற முறையில் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் மின்சார டிராம் 1906 முதல் 1936 வரை ஓடியது. என் தந்தையார் சிறுவயதில் அதில் போனவர். எனக்கு வாய்த்தது அதன் பின்னால் வந்த டிராலி பஸ். தண்டவாளம் இல்லாமல் ரப்பர் சக்கரங்களில், தலைக்கு மேல் கட்டிய இரண்டு கம்பிகளிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு அது 1961 வரை ஓடியது. ஆயர் ஈத்தாமில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், கடைத்தெருவில் வெற்றிலையும் பூவும் வாங்கிக்கொண்டு அம்மா என்னை அதில்தான் அழைத்துப் போவார். வண்டி வருவது காதில் விழாது என்பதால், கடைகளின் முன்னே கூரைக்குக் கீழ் ஓடும் நடைபாதையான அஞ்சடியில் நிற்கும்போதே அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்வார். வளைவில் சில சமயம் கூரைமேல் இருக்கும் கோல் கம்பியை விட்டு நழுவிவிடும். கண்டக்டர் இறங்கி ஒரு நீண்ட கழியால் அதைப் பிடித்து மறுபடியும் கம்பியில் மாட்டும்வரை நாங்கள் அத்தனை பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அந்தப் பயணத்தில் குறைகள் இருந்தன. ஆனாலும் காத்திருந்த இடம் கடைகளின் முன்னே இருந்த நிழல். ஏறிய இடம் அதிலிருந்து நாலு எட்டு வைத்தால் வந்துவிடும் தெரு. கூன் விழுந்த என் பாட்டியும் யார் துணையும் இல்லாமல் அதில் ஏறி இறங்கினார்.

இப்போது வரப்போவது அப்படிப்பட்டதன்று. ஜார்ஜ் டவுனில் உள்ள உயர்ந்த கட்டடமான கொம்தாரிலிருந்து தெற்கே பாயான் லெப்பாஸ் பக்கமாகச் செல்லும் பாதையில் பெரும்பகுதி தூண்களின்மேல் அமைகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. சாலை நெரிசலில் சிக்காமல் ஓட வேண்டுமென்றால் மேலே போகத்தான் வேண்டும். ஆனால் வண்டி மேலே போகும்போது பயணியும் மேலே ஏறியாக வேண்டும். அதற்கு முன்னால், விரைவுச்சாலையை ஒட்டி நிலையம் அமைகிற இடங்களில், அந்தச் சாலையையும் அவர் கடந்தாக வேண்டும்.

கோலாலம்பூரில் மகள் வீட்டுக்குப் போகும்போது, பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறி தித்திவங்சா வரை அடிக்கடி போய் வருகிறேன். வண்டி மாடி வீடுகளின் ஜன்னலுக்கு நேராகப் போகிறது. காயப்போட்ட துணியும் பூந்தொட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகின்றன. இறங்கிய பிறகு மின்தூக்கி எந்தப் பக்கம், மேற்கூரை எதுவரை என்பதையே என் முழங்கால் விசாரிக்கிறது. அந்த மோனோரயில் 2003 ஆகஸ்டு 31 அன்று ஓடத் தொடங்கியது. அதன் கேஎல் சென்ட்ரல் நிலையம் பெயருக்குத்தான் சென்ட்ரல். பெரிய ரயில் நிலையத்திலிருந்து விலகி, சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. இடையில் நூ சென்ட்ரல் வணிக வளாகம் 2014 இல் வந்த பிறகுதான் பயணிகளுக்கு வெயில் படாத நேர்வழி கிடைத்தது. இந்த நடைவழியை முதல் நாளிலேயே திட்டத்தில் சேர்த்திருந்தால், மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தையோடும் எத்தனை ஆயிரம் பேர் அந்த வெயிலில் நடந்திருக்க வேண்டாம் என்று அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

பினாங்கில் அந்தப் பத்தாண்டுத் தாமதம் வேண்டாம். ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றிப் பத்து நிமிட நடைத் தொலைவுக்கு மேற்கூரையோடு கூடிய நடைபாதையை நிலையத்தோடு சேர்த்தே கட்ட வேண்டும். குடியிருப்புகளின் உள்சாலைகளுக்குள் வந்து போகும் சிறிய பேருந்துகள், ரயில் ஓடத் தொடங்கும் நாளன்றே ஓட வேண்டும். அவை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரும் என்பதை நிறுத்தத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவேண்டும். மின்தூக்கி ஒன்று மட்டும் இருந்து அதுவும் பழுதானால், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்த நிலையமே மூடியதாகிவிடும்; ஆகவே நிலையத்துக்கு இரண்டாவது வைக்க வேண்டும். நகரின் பழைய பகுதியில் புதிதாகக் கூரை போடக்கூடத் தேவையில்லை. நம் முன்னோர் விட்டுச் சென்ற அஞ்சடி இருக்கிறது. மோட்டார் சைக்கிள்களையும் சரக்குப் பெட்டிகளையும் எடுத்துவிட்டு, கடைக்குக் கடை மாறும் தளத்தின் உயரத்தைச் சரிவாக இணைத்தாலே கொம்தாரை நோக்கி மழையில் நனையாமல் பெருந்தூரம் நடந்துவிடலாம்.

எங்கள் அடுக்குமாடியில் என்னைவிட மூத்த அம்மா ஒருவர் இருக்கிறார். ரயில் வரப்போகிறது என்று நான் சொன்னபோது, அது எந்த ஊர் வரை போகும் என்று அவர் கேட்கவில்லை. "எத்தனை படி ஏறணும், டீச்சர்?" என்றுதான் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. திட்டத்துக்குப் பொறுப்பானவர்கள் நிலையம் வாரியாக அந்த விடையைத் தமிழ் நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு