தானாகப் பூக்கும் தோட்டம்

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது. பதில் போடாதது என் தப்புதான். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன்னை இன்னும் 'அந்தக் குடைக்காரி' என்றுதான் விசாரிக்கிறார்.

போன ஞாயிறு என் மகளோடு 'தி சீக்ரெட் கார்டன்' பார்த்தேன், பர்னெட்டின் நாவலை வைத்து 2020இல் வந்த படம். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. கதையை 1947க்கு, பிரிவினைக் காலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அதே கதையை வைத்து 1993இல் வந்த படத்தில் கதைச் சிறுமி மேரியின் அப்பா அம்மா, நாவலில் வரும் காலராவுக்குப் பதில் நிலநடுக்கத்தில் செத்தார்கள், அதற்காகவா நாம் சண்டை போட்டோம்? ஆனால் இதில் தோட்டத்திலேயே கை வைத்துவிட்டார்கள். பெரிய பெரிய இலைகள், பிள்ளைகளின் மனசுக்கு ஏற்ப நிறம் மாறும் செடிகள், எல்லாமே மாயம். கடைசியில் வீடு வேறு தீப்பற்றி எரிகிறது.

1911இல் பர்னெட் எழுதியதில் மேரி முதலில் என்ன செய்கிறாள், ஞாபகம் இருக்கிறதா? புல்லுக்கு நடுவே பச்சை முனைகள் எட்டிப் பார்க்கின்றன. அவற்றுக்கு மூச்சுவிட இடமில்லை என்று அவளுக்குத் தோன்றுகிறது. கூரான மரத்துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, மண்டியிட்டுக் களை பிடுங்குகிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. யாருக்கும் வேண்டாத பிள்ளை, தன்னைவிடச் சின்ன உயிர் ஒன்றுக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறாள். எனக்கு நாவலே அந்த இடம்தான். படம் முடிந்ததும் என் மகள், "செடியெல்லாம் தானாவே வளருதேம்மா, அவ எதுக்கு?" என்றாள். ஒன்பது வயசுக்காரிக்குத் தெரிகிறது!

"படம் படம்தான், புத்தகம் புத்தகம்தான்" என்று நீ ஆரம்பிப்பாய், தெரியும். நானும் அச்சுப்பிசகாமல் எடுக்கச் சொல்லவில்லை. கிரெட்டா கெர்விக் 2019இல் எடுத்த 'லிட்டில் விமன்' படம், ஆல்காட் எழுதிய நாவலின் வரிசையையே கலைத்துப் போட்டது. நான்கு சகோதரிகளில் ஒருத்தியான பெத்துக்கு முதலில் வந்த காய்ச்சலும் பிற்பாடு அவள் இறப்பதும் ஆல்காட்டின் கதையில் எவ்வளவு தள்ளித் தள்ளி வருகின்றன! படத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அவள் அக்கா ஜோ கண் விழிக்கிறாள், கட்டில் காலியாக இருக்கிறது, படியிறங்கி ஓடுகிறாள். ஒருமுறை பெத் மேசையருகே உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு முறை அம்மா மட்டும். குழந்தைகளும் பார்க்கிற படம்தானே என்று அந்தச் சாவை மூடி மறைக்கவில்லை. என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். பயப்படவில்லை.

நான் அழுதது பெத்துக்காக மட்டுமல்ல. அக்கா போய்விட்டாள் என்று நீ எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை மாதம் பேனாவை எடுக்கவில்லை. அந்தப் படிக்கட்டைப் பார்த்தபோது நீதான் இறங்கி வருவது போல இருந்தது. மன்னித்துவிடு.

இப்போது ராத்திரியில் என் மகளுக்குத் தோட்டத்துக் கதையைப் புத்தகத்திலிருந்தே வாசித்துக் காட்டுகிறேன். மேரி கையில் சாவி கிடைத்தாகிவிட்டது. அக்கா பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த பிரதி உன்னிடம்தானே இருக்கிறது? நீ அட்டையைக் கிழித்தாயே, அதுதான். தபாலில் அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. அவள் கோடு போட்ட இடங்களை என் மகளுக்கு நீ வாசித்துக் காட்ட வேண்டும்.

உன்,
மூன்றாம் பெஞ்சுக்காரி