சங்கிலி அவிழ்ந்த பிறகு கூட நின்றவர்களுக்கு

ஆகஸ்ட் 6

அன்புடையீர், வணக்கம்.

இந்த மடலில் யார் பெயரும் இல்லை, எங்கள் பெயரும் சேர்த்துத்தான். ஊரைச் சொன்னாலே "அந்த வீட்டுப் பிள்ளைதானே" என்று ஆள் தெரிந்துபோகும் வட்டாரம் இது. ஆகவே நீங்கள் செய்த வேலையைச் சொல்லியே உங்களைக் கூப்பிடுகிறோம். படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

தேதியை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தோம். 2001இல் இதே நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்கா ஊரில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக்கொட்டகை பற்றி எரிந்தது. காலில் சங்கிலியோடு கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் போனார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் வெறுத்து விட்டுப் போனவை என்று சொல்லிவிட முடியாது. தர்கா எல்லையில் தங்கினால் கனவில் உத்தரவு வரும், அன்று சங்கிலி தானே கழலும் என்று நம்பியவர்கள் பலர். அந்த நம்பிக்கையை வைத்துக் கொட்டகை போட்டு மாத வாடகை வாங்கியவர்கள் வேறு ஆட்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று எழுதிவைத்தது. சங்கிலி என்னவோ கொட்டகையை விட்டுச் சில வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு இடம் மாறிக்கொண்டது. ஒரு மதத்தைக் குறிவைத்து இதைச் சொல்லவில்லை. வேப்பிலை அடியும், முகத்தில் அறைந்த தண்ணீரும், "பிசாசே வெளியே போ" என்று இரவு முழுக்கத் தூங்கவிடாத ஜெபமும் ஒரே ஆளின் உடம்பில் வரிசையாக நடந்ததுண்டு.

முதல் நன்றி, அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் போனை எடுத்தவர்களுக்கு. நடுராத்திரியிலும் தமிழில் பேசினீர்கள். "பேய் பிடித்திருக்கிறது" என்று சொன்னவரிடம் "பேய் எல்லாம் கிடையாதும்மா" என்று ஒருமுறைகூடத் தொடங்கவில்லை. தூங்கி எத்தனை நாள் ஆயிற்று, தண்ணீர் குடிக்கிறாரா, காய்ச்சல் உண்டா, தலையில் அடிபட்டதா, அண்மையில் பிரசவம் ஆனதா, குடி நிறுத்தி எத்தனை நாள் என்று கேட்டீர்கள். அந்தக் கடைசிக் கேள்வி எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்று கணக்கிட எங்களால் ஆகாது. தினமும் குடித்துப் பழகியவர் விரதத்துக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவார். இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், வேர்க்கும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், ஆள் அடையாளம் தப்பும். வீட்டில் தெய்வக் குற்றம் என்று பரிகாரம் தேடுவார்கள். அது மது திடீரென நின்றதால் மூளை படும் பாடு. வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அதற்கு 108தான் பரிகாரம். பிரசவமான இரண்டு வாரத்துக்குள் தூக்கம் கெட்டு, பிள்ளையைப் பார்த்து "இது என் பிள்ளை இல்லை" என்று சொல்லும் தாய்க்கும் அப்படியே. மந்திரிக்கக் கூட்டிப்போகும் ஒரு நாளில் தாய், பிள்ளை இருவரையும் இழக்க நேரலாம்.

அடுத்து, வெல்டிங் பட்டறை அண்ணன்களுக்கு. சாவி தொலைந்த பூட்டோடு ஆளைக் கொண்டுவந்தால், நீங்கள் கிரைண்டரை எடுக்காமல் கை கட்டரைத் தேடினீர்கள். கிரைண்டர் வைத்தால் இரும்பு நொடியில் பழுத்துக் காலைச் சுடும், பொறி பறக்கும், ஏற்கெனவே மிரண்டவர் இன்னும் மிரள்வார். கட்டர் நுழையாத தடித்த வளையத்துக்கு மட்டும், ஈரத்துணியை நான்காக மடித்துத் தோலுக்கும் இரும்புக்கும் நடுவே செருகி, இரண்டு விநாடி வெட்டு, தண்ணீர், மறுபடி வெட்டு என்று பொறுமையாகச் செய்தீர்கள். காசு வாங்கவில்லை. துண்டான சங்கிலியைப் பழைய இரும்புக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தீர்கள்.

அந்தக் காலுக்குக் கட்டுப்போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர்களுக்கும் வணக்கம். கணுக்காலைச் சுற்றிய புண்ணில் மஞ்சளும் திருநீறும் அப்பியிருக்கும். அதைச் சுரண்டாமல் சலைன் ஊற்றி ஊறவைத்துக் கழுவினீர்கள். ரண ஜன்னி வராமல் இருக்க டி.டி. ஊசி போட்டீர்கள். பாதத்தை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்தீர்கள், தூக்க முடியாவிட்டால் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினீர்கள். நாள்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு வீட்டார் ஆசையாகப் பிரியாணி வாங்கி வந்ததைத் தடுத்ததும் நீங்கள்தான். சுருங்கிய உடம்புக்கு ஒரேயடியாக நிறையச் சோறு போனால் இரத்தத்தில் உப்புகள் தடுமாறி இதயம் வரை பாதிக்கும். முதலில் கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக, டாக்டர் பார்வையில்.

மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்கு எவ்வளவு சொன்னாலும் குறைவு. மாத்திரை கொடுப்பது உங்கள் கடமை, அதற்கு நன்றி எதற்கு என்பீர்கள். மாத்திரையோடு நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒன்றுக்காகத்தான் இந்தப் பத்தி. ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில், குறிப்பாக இளவயதுப் பையன்களுக்கு, திடீரெனக் கண் மேலே செருகும். கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்ளும், நாக்கு தடிக்கும், தாடை இறுகும். பார்க்கிற எவருக்கும் "மாத்திரை போட்டதும் பேய் கோபித்துக்கொண்டது" என்றுதான் தோன்றும். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி கோடாங்கி வீட்டுக்கு ஓடுவது இந்த இடத்தில்தான். அது மருந்தின் பக்க விளைவு, தசைப் பிடிப்பு. புரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரைமணிக்குள் தளரும். அதன்பின் டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது டிரைஹெக்ஸிபெனிடில் 2 மி.கி. கூடச் சேர்ப்பார், அல்லது மருந்தையே மாற்றுவார். இதை வருமுன் சொன்னீர்கள். சீட்டின் பின்பக்கம் "கண் செருகினால் பயப்பட வேண்டாம், உடனே வரவும்" என்று தமிழில் எழுதியும் கொடுத்தீர்கள். மருத்துவக் கல்லூரிகளில் எல்லாரும் படிக்கிற சங்கதிதான் இது. சீட்டின் பின்பக்கம் எழுதுகிறவர் எத்தனை பேர்?

மனநிலை ஏற்றத்தாழ்வுக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவரிடம் "நோன்பு வைப்பீங்களா, விரதம் இருப்பீங்களா?" என்று கேட்ட சிஸ்டருக்குத் தனி வணக்கம். தண்ணீர் குறைந்தால் லித்தியம் இரத்தத்தில் ஏறும். வாந்தி, பேதி, கை உதறல், நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாக வரும் என்று, காலை மாத்திரையை விழுங்காமல் வரச்சொன்னீர்கள். நோன்பு வைக்காதே என்று நீங்கள் சொல்லவில்லை. "மாசம் பிறக்கிறதுக்கு முன்னாடியே வந்து டாக்டரைப் பாருங்க" என்றீர்கள்.

நாங்கள் உங்களிடம் கண்டது அதுதான். மதத்தால் அடிபட்டவர்களிடம் இரண்டு தரப்பு வந்து கூலி கேட்கிறது. "எங்கள் கூட்டத்துக்கு வா, குணமாகும்" என்பது ஒன்று. இன்னொன்று, பகுத்தறிவு பேசுவதாக வந்து "முதலில் தாயத்தைக் கழற்று" என்பது. பின்னது எங்களுக்கு நெருக்கமான பக்கம், ஆகவே கூடுதலாக வலிக்கிறது. சங்கிலியில் கிடப்பவரைப் போட்டோ எடுத்து, மூடநம்பிக்கையின் கொடுமை என்று சுற்றுக்கு விட்டவர்கள் அந்தப் பக்கத்திலும் உண்டு. அந்தப் படம் ஊருக்குள் வந்த பிறகு, தங்கைக்கு வரன் பார்க்க முடியவில்லை என்று குடும்பம் இன்னும் உள்ளே பூட்டிக்கொண்டது. சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது, முகத்துக்கும் அது உண்டு. நீங்கள் இரண்டு கூலியும் கேட்காதவர்கள். தாயத்து கட்டிய கையில்தான் ஊசி போட்டீர்கள்.

சட்ட உதவி வக்கீல் அம்மாக்களுக்கும் தன்னார்வத் தம்பிகளுக்கும். மனு எழுதுவதில் எங்கே கோட்டை விடுகிறோம் என்று காட்டியவர்கள் நீங்கள். "பைத்தியம் பிடித்தவரை மீட்கவும்" என்று எழுதினால் ஸ்டேஷனில் குடும்ப விஷயம் என்று திருப்பிவிடுவார்கள். "மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 101இன்கீழ் தகவல்" என்று பொருள் வரியிலேயே போட வேண்டும். வீட்டில் ஒருவர் கொடுமைப்படுத்தப்படுகிறார் அல்லது கவனிப்பாரின்றிக் கிடக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிப்பது நிலைய அதிகாரியின் கடமை ஆகிவிடும். மாஜிஸ்திரேட், 102ஆம் பிரிவில், 10 நாட்களுக்கு மேற்படாமல் மருத்துவமனையில் வைத்துப் பரிசோதிக்க உத்தரவிடலாம். தெருவில் திரிகிறவருக்கு 100ஆம் பிரிவு: 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. இரண்டு நகல், பழைய மருந்துச் சீட்டு ஏதேனும் இருந்தால் அதன் நகல், கையில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) வாங்காமல் வாசலைத் தாண்டாதே. இதைப் பாடமாகவே சொல்லித்தந்தீர்கள். ரசீது தராவிட்டால் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, அல்லது சட்ட உதவி எண் 15100. 27ஆம் பிரிவுப்படி கட்டணம் கிடையாது.

ஒன்றை மறந்தேவிட்டோம். கோயில் சத்திரமோ ஜெப வீடோ எதுவானாலும், மனநோய் உள்ளவர்களைச் சேர்த்துத் தங்கவைத்துப் பராமரித்தால் பதிவு வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொன்னதும் நீங்களே. பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். இதைச் சொன்ன மாத்திரத்தில் சில "காப்பகங்கள்" பேச்சின் தொனியை மாற்றிக்கொண்டன.

பிறகு, யார் கண்ணிலும் படாத வேலையைச் செய்த உளவியல் ஆலோசகர்கள். நோயாளிக்கு மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் வீட்டார் உடைந்துபோவார்கள். "நாமா இவனைக் கட்டிப்போட்டோம்" என்பது ஒரு பக்கம், "நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறதே, அடுத்த பிள்ளைக்கு வந்துவிடுமோ" என்பது மறுபக்கம். நீங்கள் வாதம் செய்யவில்லை. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை எடுத்து ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னீர்கள்: தூங்கிய மணி, போட்ட மாத்திரை, போன கோயில் அல்லது தர்கா. நான்கு மாதம் எழுதினால் போதும். மாத்திரை நிறுத்திய அன்று ஒன்றும் ஆகாது. விறைப்பும் தூக்கக் கலக்கமும் குறைந்து ஆள் தெளிவாகக்கூடத் தெரிவார். அந்த வாரம் செய்த பூசைக்குப் பெயர் கிடைக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்துத் தூக்கம் குறைய ஆரம்பிக்கும். அப்போது யாரும் மாத்திரையை நினைக்க மாட்டார்கள், வேறு செய்வினை என்பார்கள். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் எல்லாம் தெரியும். ஒரு மண்டலம், 48 நாள், தங்கினால் குணமாவதும் அப்படியே: சில நோய்களில் வேகம் தானாகவே தணிந்து வரும், வீட்டுச் சண்டையும் குடியும் இல்லாத இடத்தில் இன்னும் சீக்கிரம் தணியும். தணிந்தது மெய்தான். காரணத்தில்தான் கணக்குத் தப்புகிறது. குணமான பிறகும் குறைந்தது ஓராண்டு மருந்து ஏன் என்பது அந்த நோட்டைப் பார்த்தவர்களுக்கு விளங்கியது.

இந்த வரிசையில் ஒரு ஹஜ்ரத்தையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஓதிவிட்ட எண்ணெயைக் கொடுக்கும் முன், "முதல்ல அந்த வேப்பமரத்தடியில டாக்டர் உட்கார்ந்திருக்கார், சீட்டு வாங்கிட்டு வா" என்பவர். மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) ஒரே வளாகத்தில் என்ற ஏற்பாடு ஏர்வாடியில் வந்தது அரசு முனைந்ததால் மட்டும் அன்று, அவர் போன்றவர்கள் வழிவிட்டதாலும்தான். மதச்சார்பற்ற உதவிக்கு நன்றி சொல்லும் மடலில் இவர் எப்படி என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆதார் இல்லாதவர்களை அழைத்துக்கொண்டு அலைந்தவர்களே, உங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம் என்று வருந்த வேண்டாம். 40 விழுக்காடு பாதிப்பு என்று சான்றில் வர, நோயாளி "நல்லாயிருக்கேன்" என்று தலையாட்டும் நாளில் போனால் ஆகாது, ஓராண்டுச் சீட்டுகளையும் அடுக்கிக் கொண்டுபோக வேண்டும் என்ற உங்கள் சூத்திரம் இங்கே எல்லா வீட்டிலும் பரவிவிட்டது.

ஒரு சின்ன விண்ணப்பமும் உண்டு. மாத்திரை தரும் முகாம் நாள் பொங்கலிலோ ரம்ஜானிலோ கிறிஸ்துமஸிலோ விழுந்தால், முந்தின முகாமிலேயே ஏழு நாள் மாத்திரை கூடுதலாகத் தாருங்கள். வீட்டில் விருந்தாளி, ஊரில் திருவிழா, கையில் மாத்திரை இல்லை என்ற அந்த வாரத்தில்தான் பழைய பூட்டைத் தேடுகிறார்கள். ஊசி மருந்தில் இருப்பவர்களின் தேதிப் பட்டியலை நாங்களே எழுதி அனுப்புகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா, நான்கு வாரமா என்பதை மட்டும் நீங்கள் சரிபார்த்துத் தந்தால் போதும்.

நன்றியுடன்,
கூட இருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள்

பி.கு.: கை கட்டர் ஒன்றை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மருந்தாளுநரின் மேசைக்குக் கீழே, இடது பக்கம் இருக்கிறது.