பெட்டியில் ஒரு உலோகம், உள்ளே இன்னொன்று: ஃபோர்ஜ்டு பிஸ்டன் செட் குறித்த புகார்

அனுப்புநர்:
எஞ்சின் பட்டறைப் பொறுப்பாளரும் வண்டி உரிமையாளர்கள் இருவரும்,
சேலம் சாலை, கிருஷ்ணகிரி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
பெர்ஃபார்மன்ஸ் எஞ்சின் பாகங்கள் பிரிவு.

பொருள்: 2.0 டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல்) எஞ்சினுக்கு உங்களிடம் வாங்கிய பிஸ்டன், கனெக்டிங் ராடு செட் இரண்டு – உலோகமும் அளவுத்தாளும் பொருந்தாதது – விலையும் பழுதுச் செலவும் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

பார்வை: 1. இரண்டு செட்டுக்குமான உங்கள் பில்கள். 2. "பொருத்தியவர் தவறு" என்று முடித்த உங்கள் மின்னஞ்சல். 3. ஓசூர் சிப்காட் ஆய்வுக்கூடம் ஒன்றின் உலோகப் பரிசோதனை அறிக்கை (இணைத்துள்ளோம்).

ஐயா,

இரண்டு வண்டியும் 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230. 1984 சி.சி., போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையின் விட்டம்) 82.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 92.8 மி.மீ., கம்ப்ரஷன் (அழுத்த விகிதம்) 9.6-க்கு 1, வார்ப்பிரும்பு பிளாக். பெரிய டர்போ ஏற்றுவதற்கு முன் அடிப்பகுதியைப் பலப்படுத்தத்தான் உங்கள் செட். முதல் செட் எஞ்சினில் ஏறி 640 கிலோமீட்டரில் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் இறுகிப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது செட் இன்னும் ஏறவில்லை. அதை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக அளந்ததில் கிடைத்ததுதான் இந்தக் கடிதத்தின் பெரும்பகுதி.

உங்கள் பெட்டியிலும் அளவுத்தாளிலும் "4032 ஃபோர்ஜ்டு அலுமினியம்" என்று இருக்கிறது (4032 என்பது கலவையின் எண், ஃபோர்ஜ்டு என்றால் அழுத்தி அடித்து உருவாக்கியது). பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி 0.045 மி.மீ. வைக்கச் சொல்கிறீர்கள். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. 4032-ல் சிலிக்கான் 11 முதல் 13.5 சதவீதம் வரை இருக்கும், சூட்டில் குறைவாக விரியும், நெருக்கமாக வைக்கலாம். அதை நம்பித்தான் பிளாக்கை 82.500-க்கு ஹோனிங் (துளைச் சுவரைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது) கொடுத்தோம். நான்கு போரிலும் மேல், நடு, அடி என மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்கும் போர் கேஜ் விட்டுப் பார்த்தோம். எல்லாமே 82.500-க்கும் 82.505-க்கும் இடையில். பிஸ்டனை உங்கள் தாள் சொன்ன இடத்திலேயே, பிஸ்டனையும் ராடையும் கோக்கும் பின் என்ற உருளைக்குச் செங்குத்தாக, ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) அடியிலிருந்து 12 மி.மீ. மேலே மைக்ரோமீட்டர் வைத்து அளந்தோம்: 82.455. உங்கள் 0.045 அப்படியே வந்தது.

பிடித்த எஞ்சினைப் பிரித்த பிறகு உடைசலிலிருந்து ஒரு துண்டும், இரண்டாவது செட்டில் ஒரு பிஸ்டனின் உள்பக்கமும் ஸ்பெக்ட்ரோ பரிசோதனைக்குப் போயின. இரண்டிலும் சிலிக்கான் 0.2 சதவீதம். தாமிரம் 2.3, மெக்னீசியம் 1.5, இரும்பு 1.1, நிக்கல் 1.0. இது 4032 இல்லை, 2618 என்ற வேறு அலுமினியக் கலவை. உலோகம் தெரிந்த யாரிடம் அந்த அறிக்கையை நீட்டினாலும் ஒரே பதில்தான் வரும்.

2618 மட்டமான உலோகம் என்று நாங்கள் சொல்லவில்லை. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) அதிகம் ஏற்றுகிற எஞ்சினுக்கு உண்மையில் அதுதான் நல்லது. நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வந்தால் 4032 போல விரிசல் விட்டு உடையாது, கொஞ்சம் தாங்கும். ஆனால் அது அதிகம் விரியும். ஒரு டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்கு 4032 சுமார் 19 மைக்ரான் வளரும், 2618 சுமார் 22 மைக்ரான். 82.5 மி.மீ. பிஸ்டனின் ஸ்கர்ட் 30 டிகிரியிலிருந்து 150 டிகிரிக்குப் போனால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.03 மி.மீ. நீங்கள் 4032-க்கு எழுதிய 0.045-ல் இந்த 0.03 போனால் மிச்சம் 0.015. அதற்குள்தான் எண்ணெய்ப் படலமும் இருந்தாக வேண்டும். 2618 போட்டு டர்போ ஓட்டுகிறவர்கள் இந்த போருக்கு 0.07 முதல் 0.10 வரை விடுவது இதற்காகத்தான். பொருள் சரி, தாள்தான் வேறு பொருளுக்கு எழுதியது.

தயாரிப்பின் நடுவில் உலோகத்தை மாற்றிவிட்டு அளவுத்தாளையும் பெட்டி ஸ்டிக்கரையும் மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள் என்பது எங்கள் ஊகம். அல்லது 2618-ஐச் சரியான இடைவெளியில் போட்டால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் "டக் டக்" என்று அடிக்கும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து நெருக்கிவிட்டீர்களோ என்னவோ. அந்தச் சத்தத்தை நாக் சென்சார் நாக்கிங் என்று எடுத்துக்கொண்டு டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரத்தை)க் குறைக்கும் தொல்லையும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு ஸ்கர்ட்டின் வடிவத்தைத் திருத்துவதும் கோட்டிங் கொடுப்பதும் வழி. 0.045 என்று அச்சடிப்பது வழியில்லை.

இனி உங்கள் மின்னஞ்சல் சொன்ன மூன்று காரணங்கள்.

"வண்டியைச் சூடேற்றிவிட்டார்கள்." சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில்தான் வண்டி இழுவை குறைந்தது, சரி. மே மாதம், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் சரி. ஆனால் அந்த ஓட்டத்தின் பதிவு முழுவதும் எங்களிடம் இருக்கிறது. கூலன்ட் 94 முதல் 98 டிகிரி, எண்ணெய் 112 டிகிரி, எண்ணெய் அழுத்தத்தில் இறக்கமே இல்லை. அந்த ஏற்றத்தில் லாரிகள் மூச்சுத் திணறுவது வேறு கதை, இந்த எஞ்சினின் ரேடியேட்டர் திணறவில்லை.

"டியூனிங் தவறு, நாக்கிங் வந்திருக்கிறது." நாக்கிங் தின்ற பிஸ்டனின் தலையில் மிளகு தூவினது போலப் புள்ளி விழுந்திருக்கும், பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மினுமினுப்பாக அலுமினியத் துகள் ஒட்டியிருக்கும். நான்கு பிஸ்டனின் தலையும் சுத்தம், நான்கு பிளக்கும் சுத்தம். டைமிங் பின்வாங்கியது எந்த சிலிண்டரிலும் 3 டிகிரியைத் தாண்டவில்லை.

"ரிங்கை ராவிவிட்டார்கள், அதனால் வாரண்டி இல்லை." ஆம், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் முனையை ராவி, இரண்டு முனைக்கும் நடுவிலுள்ள வாயை அகலமாக்கினோம். ராவியதால்தான் பிஸ்டனின் மேல் பள்ளம் உடையாமல் இருக்கிறது. உங்கள் தாள் மேல் ரிங்குக்கு 0.20–0.25 மி.மீ. வாய் போதும், "அப்படியே பொருத்தலாம், ராவ வேண்டாம்" என்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் வைத்தால் 0.22. ரிங்கின் சுற்றளவு 259 மி.மீ. போர்ச் சுவரைவிட ரிங் 100 டிகிரி கூடுதலாகச் சுட்டால் அது 0.28 மி.மீ. வளரும். அப்போது 0.22 வாய் மூடிக்கொண்டு இரண்டு முனையும் முட்டும், முட்டிய ரிங் சுவரில் இறுகி பிஸ்டனின் மேல் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு போகும். டர்போ எஞ்சினுக்கு மேல் ரிங் வாய் போர் அளவில் 0.005 மடங்கு என்பது லேத் பட்டறைப் பையனுக்கும் தெரிந்த கணக்கு. இந்த போருக்கு 0.41 வரும். நாங்கள் 0.42 வைத்தோம்.

அப்படியானால் பிடித்தது எது? மூன்றாவது சிலிண்டர். மற்ற மூன்றும் 11.5 முதல் 12 பார் வரை கம்ப்ரஷன் காட்ட, அது 7.5-ல் நின்றது. பிஸ்டனை வெளியே எடுத்துக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள் (படங்கள் இணைப்பில்). பின் துளைக்கு இரண்டு பக்கமும், ஸ்கர்ட்டின் நான்கு மூலையிலும் மட்டும் செங்குத்தாகக் கோடு விழுந்திருக்கிறது. நடுவில் தள்ளுவிசை படுகிற முகம் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கிறது, மெஷின் போட்ட வரிகூட அழியவில்லை. எண்ணெய் போகாமல் பிடித்திருந்தால் முதலில் தேய்வது அந்த நடு முகம்தான். நான்கு மூலை மட்டும் பிடிப்பது இடைவெளி போதாததற்கு அடையாளம், ஏனென்றால் பின் துளையைச் சுற்றித்தான் உலோகம் கனம், அங்கேதான் விரிவு அதிகம். போரில் எதிரே அதே நான்கு இடத்தில் அலுமினியம் அப்பியிருக்கிறது. அமிலம் விட்டு அலுமினியத்தைக் கரைத்த பிறகும் நகத்தை ஓட்டினால் மாட்டுகிறது. அளந்தால் ஆழம் 0.06 மி.மீ. ஹோனிங்கில் போகாது, பிளாக்கை 83.00-க்கு போர் செய்தாக வேண்டும், அதுவும் ஹெட்டுக்குப் பதிலாகக் கனமான தகடு முடுக்கி, போல்ட் இறுக்கத்தில் போர் நெளிகிற நெளிவோடு.

இரண்டாவது செட்டில் இன்னும் சில. நான்கு பிஸ்டன் எடை 1 கிராமுக்குள் இருக்கும் என்கிறது உங்கள் பட்டியல். 0.1 கிராம் தராசில்: 312.4, 312.9, 315.8, 312.6. மூன்றாவது மட்டும் எங்கோ வேறு லாட்டிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. பிஸ்டன் தலையின் குழிவை அக்ரிலிக் தகடு மூடி, பியூரெட்டில் எண்ணெய் விட்டு அளந்தோம். தாளில் எழுதியதைவிட 3 சி.சி. குறைவு. ஒரு சிலிண்டருக்கு 496 சி.சி., 9.6 கம்ப்ரஷன் என்றால் மேலே மிஞ்சும் இடம் 57.7 சி.சி. அதில் 3 போனால் கம்ப்ரஷன் 10.07 ஆகிவிடுகிறது. பெட்ரோல் பங்கில் 91 ஆக்டேன் அடித்துக்கொண்டு கூடுதல் பூஸ்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்கள் டியூனரையே கேளுங்கள்.

இந்த செட்டைச் சோதனைக்காக மட்டும் பிளாக்கில் விட்டு, கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தபோது இரண்டாவது சிலிண்டரில், பிஸ்டன் அடிக்கு வரும் இடத்தில் மெல்லிய "டிக்" கேட்டது. பிஸ்டனுக்கு அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சும் குழாயில் ஸ்கர்ட் உரசுகிறது. அந்த ஒரு பிஸ்டனில் மட்டும் குழாய்க்கு வெட்டிய வளைவு சுமார் ஒன்றரை மி.மீ. குறைவு. களிமண் உருண்டை ஒட்டிச் சுற்றினதில் அச்சு தெளிவாக விழுந்தது. ஸ்டார்ட் செய்திருந்தால் குழாய் வளைந்து, அந்தப் பிஸ்டனுக்கு எண்ணெய்க் குளிர்ச்சியே போயிருக்காது.

ராடு போல்ட்டுக்கு முறுக்கு அளவு கொடுத்திருக்கிறீர்கள், எந்த எண்ணெய் தடவி என்று சொல்லவில்லை. எஞ்சின் ஆயிலுக்கும் மாலிப்டினம் கிரீசுக்கும் உராய்வு வேறு, ஒரே முறுக்கில் போல்ட் வாங்கும் இழுவிசை வேறு. போல்ட் எவ்வளவு நீள வேண்டும் என்ற அளவும் இல்லை, போல்ட் தலையில் தயாரித்தவர் முத்திரையும் இல்லை. முத்திரை இல்லாத போல்ட்டை 7000 ஆர்.பி.எம். எஞ்சினுக்குள் விட எங்களுக்குத் துணிவில்லை.

பேக்கிங்கையும் சொல்லிவிடுகிறோம். பிஸ்டன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்ததில் ஒன்றின் ரிங் பள்ளத்து விளிம்பில் நசுங்கல். இங்கே மாம்பழம் ஏற்றுகிறவர்கள்கூட ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் வைக்கோல் வைக்கிறார்கள்.

நாங்கள் கேட்பது: இரண்டு செட்டுக்கும் முழு விலை. முதல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கூலி, 83.00 போரிங், ஹோனிங், கேஸ்கெட், பேரிங், போல்ட், எண்ணெய், உலோகப் பரிசோதனைக் கட்டணம் (பில்கள் இணைப்பில்). இதோடு, இதே பாக எண்ணில் செட் வாங்கிய எல்லாருக்கும் உலோகம் 2618 என்றும் சரியான இடைவெளி, ரிங் வாய் இவ்வளவு என்றும் எழுத்தில் அனுப்புங்கள். இன்னும் எத்தனை எஞ்சின் இந்தத் தாளை நம்பிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பது உங்கள் விற்பனைக் கணக்கில்தான் இருக்கும். மாற்று செட் அனுப்புகிறோம் என்ற சமாதானம் வேண்டாம். திருத்திய தாளும், ஒவ்வொரு பிஸ்டனுக்கும் எடையும் விட்டமும் எழுதிய அட்டையும் இல்லாமல் வரும் எதையும் பிரிக்க மாட்டோம்.

பில்கள் வண்டி உரிமையாளர்கள் பெயரில்தான் போட்டிருக்கிறீர்கள். ஆகவே பட்டறை வணிகத்துக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று ஒதுங்க முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு தனி அத்தியாயமாகவே இருக்கிறது. போதிய அறிவுறுத்தல் தராததும் அதில் அடக்கம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்துக்கு நீங்கள்தான் வந்து போக வேண்டியிருக்கும். இந்தக் கடிதம் கிடைத்து 15 நாள் பார்ப்போம்.

பிடித்த பிஸ்டன், பிளாக், இரண்டாவது செட், ஓட்டப் பதிவு எல்லாம் தொடாமல் வைத்திருக்கிறோம். உங்கள் பொறியாளரை அனுப்புங்கள். சொந்த மைக்ரோமீட்டரும் போர் கேஜும் கொண்டுவரட்டும். பிஸ்டன்களை முந்தின இரவே பிளாக் பக்கத்தில் வைத்துவிடுகிறோம், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும். ஒன்று மட்டும் 10 டிகிரி கூடியிருந்தாலே பிஸ்டன் அளவில் 0.018 மி.மீ. ஏமாற்றிவிடும். அதனால் காலை 8 மணிக்குள் வரச் சொல்லுங்கள். 11 மணிக்கு மேல் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே எடுத்த அளவை நாங்களும் ஏற்க மாட்டோம், நீங்களும் ஏற்க வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறைப் பொறுப்பாளர்,
வண்டி உரிமையாளர்கள் (இருவர்),
கிருஷ்ணகிரி.

இணைப்பு: பில் நகல்கள், உலோகப் பரிசோதனை அறிக்கை, அளவுப் பட்டியல், படங்கள், ஓட்டப் பதிவு.