எதற்குச் சதி என்பதையாவது எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சதி வழக்குகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சதி இரகசியமாக நடப்பது, அதனால் குற்றப்பத்திரிகையில் விவரம் கேட்பது நியாயமில்லை என்கிறார் கட்டுரையாளர். பாதி சரி. சட்டமே அவர் பக்கம்தான் சாய்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 113அ பிரிவின்படி முன்கூட்டியே கூடிப் பேசியிருக்கக்கூடத் தேவையில்லை. பொது நோக்கத்தோடு சேர்ந்து இயங்கினாலே சதிதான். அப்படியிருக்க, எந்த வீட்டில், எத்தனை மணிக்குப் பேசினார்கள் என்று, அரச தரப்பில் வழக்கை நடத்தும் சட்டமா அதிபரிடம் கேட்க முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என்ன குற்றம் செய்ய, யாருக்கு எதிராக உடன்பட்டார்கள் என்பதும் மங்கலாக இருந்தால் அந்தக் குற்றச்சாட்டில் மிச்சம் என்ன? 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 165ஆம் பிரிவில், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன்மீதுள்ள விடயத்தை அறியப் போதுமான அளவுக்குக் காலம், இடம், ஆள், பொருள் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. அதுவும் போதாத வழக்கென்றால் செய்த விதத்தையும் சொல்ல வேண்டும்.

ஜனவரிக்கும் டிசம்பருக்கும் இடையில், மட்டக்களப்பிலும் வேறு இடங்களிலும், அறியப்படாத சிலருடன் சேர்ந்து என்று ஒரு குற்றச்சாட்டு வந்தால் படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர் என்ன பதில் சொல்வார்? மேல் நீதிமன்ற வழக்கில் தான் அந்த இடத்திலேயே இல்லை என்று வாதாட நினைப்பவர், அதைப் பொலிஸ் வாக்குமூலத்திலோ ஆரம்ப விசாரணையிலோ சொல்லாமல் விட்டிருந்தால், விளக்கம், அதாவது வழக்கு விசாரணை, தொடங்க 14 நாட்களுக்கு முன்பாவது சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். எங்கே இருந்தார், எந்நேரம், யார் சாட்சி என்றெல்லாம் எழுத வேண்டும். வருஷம் முழுவதற்குமா எழுதுவது? அவரிடம் மணிக்கணக்குக் கேட்கிறோம், அரச தரப்பிடம் மாதக்கணக்குகூடக் கேட்பதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. சதி நடந்ததென்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், பொது நோக்கம் தொடர்பாக ஒருவர் சொன்னதும் செய்ததும் மற்றவருக்கு எதிராகவும் சாட்சியமாகும். அந்த நோக்கம் என்னவென்று குற்றப்பத்திரிகை வரையறுக்காவிட்டால், எந்தப் பேச்சு உள்ளே வரும், எது வராது என்று நீதிபதி எதை வைத்துத் தீர்மானிப்பார்?

எதிரி தவறாக வழிநடத்தப்பட்டிருந்தால் ஒழியக் குற்றச்சாட்டில் உள்ள பிழை பெரிதல்ல என்கிறது முன்சொன்ன நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 166ஆம் பிரிவு. ஆகவே இளம் சட்டத்தரணிகள் இதை அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. குற்றச்சாட்டை வாசிக்கும் தவணையிலேயே, கட்சிக்காரர் தான் சுற்றவாளி (குற்றமற்றவர்) என்று சொல்வதற்கு முன்பே, எழுந்து விவரம் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர்,
களுவாஞ்சிக்குடி